உதவியில் பிறந்த உவகை: 'ஜாக்கண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்

'ஜாக்கண்ட்' என்பது மகிழ்ச்சியைக் குறிக்கும் ஓர் ஆங்கிலப் பெயரடை. ஜே, ஓ, சி, யூ, என், டி ஆகிய ஆறு எழுத்துகளால் எழுதப்படுவது. அழுத்தம் முதல் அசையில் விழும்; 'ஜோக்கண்ட்' என்று நீட்டி ஒலிப்பவர்களும் உண்டு. இதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'ஜொகண்டிட்டி'. கலகலப்பான, களிப்பு மிகுந்த, உற்சாகமான என்று அகராதிகள் பொருள் சொல்லும். கூடவே, இலக்கிய வழக்கு என்ற குறிப்பையும் சேர்த்துவிடும். அன்றாட ஆங்கிலப் பேச்சில் இன்று இது காதில் விழுவது மிக அரிது. ஆனால் ஷேக்ஸ்பியர், மில்டன், தாமஸ் கிரே, வேர்ட்ஸ்வொர்த் ஆகியோரைப் படிக்கிற எவரும் இதைச் சந்திக்காமல் போக முடியாது. வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில்ஸ் கவிதையைப் பள்ளிப் பாடமாகப் படித்த தமிழர்களும் இதைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள். அந்தக் கவிதையில் பூக்களின் கூட்டத்துக்குக் கவிஞர் கொடுத்த அடைமொழி இதுவே.

மகிழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். தனியாக உட்கார்ந்து மனத்துக்குள் அனுபவிக்கும் நிறைவைச் சொல்லச் சில உண்டு. வயிறு குலுங்கச் சிரிப்பதைச் சொல்லச் சில உண்டு. ஜாக்கண்ட் இரண்டிலும் சேராது. இது முகத்திலும் குரலிலும் நடையிலும் வெளிப்படும் மகிழ்ச்சி. பக்கத்தில் இருப்பவரையும் தொட்டுவிடும் மகிழ்ச்சி. விருந்து, இசை, விடியற்காலை, நண்பர் குழாம் ஆகியவற்றோடுதான் கவிஞர்கள் இதைப் பெரும்பாலும் சேர்த்திருக்கிறார்கள். பிறரோடு பகிரப்படும் இந்தக் குணம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. அதைக் காண இலத்தீனுக்குப் போகவேண்டும்.

இலத்தீனில் இதன் மூலவடிவம் 'யூகுண்டுஸ்'. 'யுவாரே' என்ற வினையோடு 'குண்டுஸ்' என்ற ஈறு சேர்ந்து உருவானது. யுவாரே என்றால் உதவுதல், துணை நிற்றல். குண்டுஸ் என்ற ஈறோ ஒரு தன்மை மிகுந்தும் நிலைத்தும் இருப்பதைக் காட்டும். சினத்தைக் குறிக்கும் 'ஈரா'விலிருந்து வந்தது 'ஈராகுண்டுஸ்': எளிதில் சினம் கொள்பவர். செந்நிறத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது 'ரூபிகுண்டுஸ்': முகம் சிவந்தவர். பேசுதல் என்ற வேரிலிருந்து வந்தது 'ஃபாகுண்டுஸ்': சொல்வன்மை மிக்கவர். அர்ஜென்டினாவில் ஆண்களுக்கு வைக்கும் ஃபாகுண்டோ என்ற பெயர் இதன் வழிவந்ததே. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் யூகுண்டுஸ் என்பதன் நேர்ப்பொருள் 'உதவும் இயல்பு மிக்க' என்றாகிறது.

உதவி எப்படி மகிழ்ச்சியாக மாறியது என்பதற்கு விடை யுவாரே என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் மற்றொருவருக்குச் செய்வதைச் சொல்லும்போது அது 'உதவுதல்'. அதே வினை, 'யுவாட்' என்று ஆள் சுட்டாமல் வரும்போது, 'மனத்துக்கு இதமாக இருக்கிறது' என்று பொருள் தரும். நோயாளிக்கு மருந்து செய்வதும் களைத்தவனுக்கு நிழல் செய்வதும் ரோமானியர் காதுக்கு ஒரே வினைதான். வர்ஜிலின் ஈனியட் காப்பியத்தில், முதற்காண்டத்தில், புயலில் சிதைந்து கரையொதுங்கிய தோழர்களை ஈனியாஸ் தேற்றும் இடம் புகழ்பெற்றது. பட்ட துன்பங்களை நினைத்துப் பார்ப்பதே ஒருநாள் 'யுவாரே' செய்யும் என்பது அவன் தேறுதலின் சாரம். நினைவு இன்பம் தரும் என்கிறானா, துணை நிற்கும் என்கிறானா? மொழிபெயர்ப்பாளர்கள் இரு பக்கமும் நின்றிருக்கிறார்கள். இலத்தீனைப் படிப்பவனுக்கு அந்தத் தேர்வு தேவைப்படாது. இரண்டும் ஒரே சொல்லில் ஒலிக்கும்.

யுவாரேயின் வேறு பிள்ளைகளும் ஆங்கிலத்தில் இருக்கிறார்கள். உதவியைக் குறிக்கும் 'எய்ட்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. படைத் தலைவருக்கு அலுவல் துணையாக இருக்கும் அதிகாரி 'அட்ஜுடண்ட்'. அந்த அதிகாரியைப் போல விறைப்பாக நடப்பதால் இந்தியாவின் நாரை இனப் பெரும்பறவை ஒன்றுக்கும் ஆங்கிலேயர் அதே பெயரை வைத்தார்கள். தடுப்பூசியின் திறனைக் கூட்டச் சேர்க்கும் அலுமினிய உப்பு போன்ற பொருள் 'அட்ஜுவண்ட்'. ஆம்புலன்ஸ் உதவி, படைமுகாம், ஊசிமருந்து ஆகியவற்றுக்கு உரிய சொற்களும் விடியலின் களிப்பைப் பாடும் சொல்லும் ஒரே தாயின் மக்கள் என்பது முதற்பார்வைக்கு நம்ப முடியாததுதான்.

இலத்தீன் யூகுண்டுஸுக்கும் ஆங்கில ஜாக்கண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இச்சொல்லின் வரலாற்றில் கவனிக்கவேண்டிய இடம் அதுவே. மகிழ்ச்சி அடைந்தவரைச் சொல்ல ரோமானியர்களிடம் 'லைட்டுஸ்' என்ற வேறு சொல் இருந்தது. யூகுண்டுஸ் பெரும்பாலும் மகிழ்ச்சி தருபவரையும் தருவதையும் குறித்தது. இனிய நண்பர், இனிய கடிதம், இனிய உரையாடல், இனிய நினைவு என்பவையே அதன் வழக்கமான இடங்கள். கிமு முதல் நூற்றாண்டில் சிசரோ நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் இச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. வந்த கடிதம் யூகுண்டுஸ், நண்பரின் வருகை யூகுண்டுஸ். அக்காலத்துக் கவிஞர் கட்டுல்லுஸ் தம் நண்பர் கால்வுஸை இச்சொல்லின் உச்ச வடிவத்தால் விளிக்கிறார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, மார்ஷியலும் தம் பத்தாம் நூலின் 47ஆம் பாடலில் யூலியுஸ் மார்ஷியாலிஸ் என்ற நண்பரை அதே உச்ச வடிவத்தால் அழைக்கிறார். வாழ்வை இனிதாக்கும் பொருள்களை அந்த நண்பருக்கு அடுக்கிக் காட்டும் பாடல் அது. ஆங்கிலத்தில் சர்ரே பிரபு ஹென்றி ஹோவர்ட் முதல் பலர் அதை மொழிபெயர்த்திருக்கிறார்கள். இந்த விளிகளில் 'மகிழ்ச்சியாக இருப்பவனே' என்ற பொருள் இல்லை. 'எனக்கு மகிழ்ச்சியாக இருப்பவனே' என்பதே பொருள்.

ஹோரஸ் கவிதைக்கலை பற்றி எழுதிய செய்யுள் மடலில் இச்சொல் வரும் இடம் ஐரோப்பிய இலக்கியத் திறனாய்வையே வடிவமைத்தது. கவிஞர்கள் பயன் தர விரும்புகிறார்கள், அல்லது மகிழ்விக்க விரும்புகிறார்கள், அல்லது இரண்டையும் ஒருங்கே செய்ய விரும்புகிறார்கள் என்பது அவர் கருத்து. மகிழ்விக்கும் பகுதிக்கு அவர் கையாண்ட சொற்களில் யூகுண்டுஸ் ஒன்று. பயனையும் இன்பத்தையும் இரண்டாகப் பிரித்து வைத்துப் பேசும்போதும், இன்பத்துக்கு அவர் எடுத்த சொல்லின் வேரில் பயன் ஒட்டியிருக்கிறது.

யூகுண்டுஸ் மக்களுக்குப் பெயராகவும் இருந்தது. குறிப்பாக அடிமைகளிடமும் விடுதலை பெற்ற அடிமைகளிடமும் பரவலாக இருந்தது. அப்பெயர் தாங்கியவர்களில் இன்று உலகறிந்தவர் பொம்பெயி நகரத்து லூசியுஸ் கைசீலியுஸ் யூகுண்டுஸ். ஏலத்தில் விற்பனையை நடத்தி, வாங்குபவருக்காக முன்பணம் கொடுத்து, பின்னர் வசூலித்துத் தரகு எடுக்கும் தொழில் அவருடையது. 1875இல் அவர் வீட்டை அகழ்ந்தபோது, மெழுகு பூசிய மரப்பலகைகளில் எழுதிய 150க்கும் மேற்பட்ட கணக்கு ஆவணங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை கிபி 50களையும் 62 வரையிலான ஆண்டுகளையும் சேர்ந்தவை. யார் எவ்வளவு பெற்றார், யார் சாட்சி நின்றார், சாட்சிகள் எந்த வரிசையில் முத்திரை இட்டார்கள் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. ஒரு சிறுநகரத்தின் நாளாந்தப் பொருளாதாரத்தை அத்தனை அருகில் நின்று காட்டும் சான்றுகள் பழைய உலகில் வெகு சில. பலகைகள் 62இல் நின்றுபோகின்றன. அந்த நகரைக் குலுக்கிய நிலநடுக்கத்தோடு அந்த முடிவு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. கோயிலும் வளைவும் ஒருபுறமாகச் சாய்வதைக் காட்டும் புடைப்புச் சிற்பம் அவர் வீட்டுப் பூசையிடத்தில் இருந்தது. 79இல் வெசுவியஸ் எரிமலை நகரையே மூடியது. கேம்பிரிட்ஜ் இலத்தீன் பாடநூலின் முதற்பகுதி இவருடைய குடும்பத்தைச் சுற்றி எழுதப்பட்டதால், இலத்தீன் படித்த ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக இவரை வீட்டு மனிதரைப் போல அறிவார்கள்.

கடன் கொடுப்பதற்கும் இச்சொல்லுக்கும் வேறோரிடத்திலும் தொடர்பு உண்டு. கிறித்தவ ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓதிய இலத்தீன் விவிலியமான வுல்காத்தாவில், 111ஆம் திருப்பாடல் (தமிழ் விவிலியத்தில் 112) இரக்கம் காட்டிக் கடன் கொடுக்கும் மனிதனை யூகுண்டுஸ் என்கிறது. உதவுகிறவனே இனியவன் என்ற மூலப்பொருள் இத்தனை வெளிப்படையாக அமைந்த இடம் வேறு கிடைப்பது கடினம். உடன்பிறந்தோர் ஒன்றுகூடி வாழ்வதைப் புகழும் 132ஆம் பாடலிலும் (தமிழில் 133) இதே சொல் நிற்கிறது; புராட்டஸ்டண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே 'இன்பம்' என்ற சொல்லை வைத்திருக்கிறது. துறவியர் மடங்களில் நாள்தோறும் திருப்பாடல்கள் பாடப்பட்டன. ஆகவே இடைக்கால ஐரோப்பியருக்கு இது புத்தகத்தில் தேடவேண்டிய சொல்லாக இருக்கவில்லை. செவிவழியாகவே வந்து சேர்ந்தது.

அந்த இடைக்காலத்தில்தான் சொல் தன் முதல் உயிரெழுத்தை இழந்தது. பிற்கால இலத்தீன் ஏடுகளில் 'யூகுண்டுஸ்' என்பது 'யோகுண்டுஸ்' என்று எழுதப்படலாயிற்று. காரணம், பக்கத்து வீட்டுச் சொல்லான 'யோகுஸ்'. அதன் பொருள் வேடிக்கைப் பேச்சு. செயலால் ஆடும் ஆட்டத்துக்கு ரோமானியர் 'லூடுஸ்' என்றார்கள். சொல்லால் ஆடும் ஆட்டம் யோகுஸ். இதன் மூலவேர் 'பேசுதல்' என்று மொழிநூலார் காட்டுவர். ஆங்கில 'ஜோக்' இதன் நேர் வாரிசு. 17ஆம் நூற்றாண்டில்தான் அது ஆங்கிலத்தில் நுழைந்தது. வித்தை காட்டுபவரைக் குறிக்கும் 'ஜக்லர்' இந்தக் குடும்பமே. ஆபத்தைக் குறிக்கும் 'ஜெபர்டி'கூட இங்கிருந்து வந்ததுதான்: வெற்றியும் தோல்வியும் சரிபாதியாக நிற்கும் ஆட்டநிலைக்குப் பிரெஞ்சில் வழங்கிய தொடர், ஆங்கிலத்தில் இடர் என்ற பொருளை அடைந்தது.

உதவியின் மகளும் பகடியின் மகனும் உருவில் ஒத்திருந்ததால், எழுதுபவர்கள் இருவரையும் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொண்டார்கள். எழுத்து மாறியது, எழுத்தோடு பொருளும் நகர்ந்தது. மகிழ்ச்சி தருபவர் என்ற பொருள் பின்னுக்குப் போய், மகிழ்ச்சியில் திளைப்பவர் என்ற பொருள் முன்னுக்கு வந்தது. பழைய பிரெஞ்சைக் கடந்து 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது சொல் இந்த நிலையில் இருந்தது. சொற்பிறப்பியலார் இத்தகைய மாற்றத்தைப் பிழையுணர்வால் நேர்ந்த திரிபு என்று வகைப்படுத்துவார்கள். வகைப்பாடு சரியே, ஆனால் இழப்பு மட்டும் நேர்ந்தது என்று கொள்வது சரியன்று. இரண்டு வேர்களின் மணமும் ஒரு சொல்லில் கலந்தது. அதனால்தான் ஆங்கில ஜாக்கண்ட் வெறும் சிரிப்பையும் தாண்டிய ஒரு தோழமையைச் சுமக்கிறது.

மற்றொரு குழப்பம் இதைவிடப் பழையது. சிசரோ கிமு 45இல் எழுதிய 'தெய்வங்களின் இயல்பு' என்ற நூலில், ஸ்டோயிக் தத்துவத்தை எடுத்துரைக்கும் பாத்திரம், யுப்பிட்டர் என்ற பெயருக்கே 'உதவும் தந்தை' என்று யுவாரேயிலிருந்து பொருள் சொல்கிறது. பொருத்தமாகத் தோன்றினாலும் இது தவறான விளக்கம். யுப்பிட்டரின் உண்மை வேர் 'வானத் தந்தை'. கிரேக்க ஸீயஸும் வேதத்தின் த்யௌஸ் பிதாவும் அதே வேரினர். யுப்பிட்டரின் மற்றொரு பெயரான ஜோவிலிருந்துதான் 'ஜோவியல்' என்ற ஆங்கிலச் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது: வியாழன் கோளின் ஆட்சியில் பிறந்தவர் சிரித்த முகத்தினர் என்ற சோதிட நம்பிக்கையின் விளைவு அது. ஆகவே ஜோவியல், ஜாக்கண்ட், ஜோக் ஆகிய மூன்றும் ஓசையில் உடன்பிறப்புகள் போலிருந்தாலும் மூன்று தனித்தனி வேர்களிலிருந்து வளர்ந்தவை. ஒன்று வானத்திலிருந்து வந்தது, ஒன்று உதவியிலிருந்து, ஒன்று பேச்சிலிருந்து.

இத்தாலியில் இச்சொல் 'ஜொக்கோண்டோ' ஆயிற்று. வெரோனா நகரத்துத் துறவியும் கட்டடக் கலைஞருமான ஃபிரா ஜொக்கோண்டோ இப்பெயரால் புகழ்பெற்றவர். ரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியுஸின் நூலைப் படங்களோடு 1511இல் வெனிஸில் அச்சிட்டவர் அவரே. ஆனால் இச்சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றவர் அவரல்லர். ஃபுளோரன்ஸ் நகரத்துப் பட்டு வணிகர் ஒருவரின் மனைவி. ஃபிரான்செஸ்கோ டெல் ஜொக்கோண்டோவை 1495இல் மணந்த லிசா கெரார்தினியைத்தான் லியொனார்டோ டா வின்சி வரைந்தார். உலகம் அந்த ஓவியத்தை மோனா லிசா என்கிறது; இத்தாலியர் 'லா ஜொக்கோண்டா' என்கிறார்கள்; அது தொங்கும் பாரிஸ் நகரத்தில் 'லா ஜொக்கோந்த்'.

கணவரின் குடும்பப் பெயரைப் பெண்பால் வடிவத்தில் சொன்னால் 'களிப்புடையவள்' என்ற பொருளும் கிடைத்துவிடுகிறது. ஓவியத்தின் புன்னகைக்கு இந்தச் சிலேடையும் ஒரு தூண்டுதலா என்று கலை வரலாற்றாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். லியொனார்டோ அத்தகைய விளையாட்டை அறியாதவர் அல்லர். ஜினேவ்ரா டெ பென்சி என்ற பெண்ணை வரைந்தபோது, அவள் பெயரோடு ஓசையில் ஒத்த 'ஜினேப்ரோ' என்னும் செடியை அவள் தலைக்குப் பின்னால் அடர்த்தியாக வரைந்தவர் அவர். லிசா அமர்ந்திருக்கும்போது முகத்தில் வாட்டம் படராதிருக்கப் பாடகர்களையும் விகடம் செய்வோரையும் அருகில் வைத்திருந்தார் என்று வசாரி 1550இல் வெளியிட்ட ஓவியர் வரலாறு சொல்கிறது. வசாரி அந்த ஓவியத்தை நேரில் கண்டவர் அல்லர் என்பது பொதுவான கருத்து. செய்தியை அவ்வளவில் ஏற்பதே முறை. எப்படியிருந்தாலும், அந்த முகத்தில் இருப்பது பகடி கேட்டு எழுந்த சிரிப்பாகத் தோன்றவில்லை. பார்ப்பவரை நோக்கித் திரும்பிய இனிமை அது. யோகுஸைவிட யூகுண்டுஸுக்கே நெருக்கமானது.

ஓவியத்தில் இருப்பவர் இவரே என்பதற்கு வலுவான சான்று 2005இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தது. அங்குள்ள 1477ஆம் ஆண்டின் அச்சுநூல் ஒன்றின் ஓரத்தில், ஃபுளோரன்ஸ் அரசு அலுவலர் அகொஸ்தினோ வெஸ்புச்சி 1503 அக்டோபரில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். லிசா டெல் ஜொக்கோண்டோவின் தலையை லியொனார்டோ வரைந்துகொண்டிருக்கிறார் என்பது குறிப்பின் செய்தி. அந்தப் புத்தகம் எது என்பது இந்த வரலாற்றுக்கு மிகவும் உரியது: சிசரோ நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. யூகுண்டுஸ் என்ற சொல் தன் பழைய பொருளில் நிறைந்திருக்கும் நூலின் ஓரத்திலேயே, அச்சொல்லைப் பெயராகக் கொண்ட பெண்ணுக்குச் சான்று காத்திருந்தது.

இப்பெயரைப் பாத்திரங்களுக்கு இட்ட படைப்பாளிகள் அதன் பொருளை மறக்கவில்லை. இத்தாலியக் கவிஞர் அரியொஸ்தோ தம் காப்பியத்தின் 28ஆம் காண்டத்தில் ஜொக்கோண்டோ என்ற அழகனைப் படைத்து, மனைவியின் துரோகத்தால் அவன் களையிழப்பதைப் பாடினார். பொன்கியெல்லியின் 'லா ஜொக்கோண்டா' என்ற இசைநாடகம் 1876இல் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் அரங்கேறியது. அதன் நாயகி வெனிஸ் தெருக்களில் பாடிப் பிழைப்பவள். காதலிக்கும் மனிதனையும் அவன் காதலியையும் காப்பாற்றிவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பெயரில் இருக்கும் களிப்பு அவள் வாழ்வில் இல்லை. ஆனால் பெயரின் வேரில் இருக்கும் உதவியை அவள் இறுதிவரை செய்கிறாள்.

ஆங்கில இலக்கியத்தில் இச்சொல்லுக்குப் பேரிடம் கொடுத்தவர் ஷேக்ஸ்பியர். ரோமியோ ஜூலியட் நாடகத்தின் மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சியில், பிரியவேண்டிய காதலர்களின் கண்முன் மலைமுகட்டில் எட்டிப் பார்க்கும் பகலுக்கு இதை அடைமொழியாக வைத்தார். பகல் களிக்கிறது, காதலருக்கு அதுவே பிரிவு. ஒருவரின் துயரத்தின்மேல் மற்றொன்றின் மகிழ்ச்சி எழுந்து நிற்கும் இந்த அமைப்பு அவர் கையில் திரும்பத் திரும்ப வருகிறது. ஹாம்லெட்டில், தமையனை இழந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில் அரசன் கிளாடியஸ் எடுக்கும் மதுக்கோப்பைக்கு இதே அடைமொழி.

மாக்பெத்தின் மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி தனியே நின்று படிக்கத்தக்கது. விருந்தினர் முன் ஜோவியலாக இருக்கவேண்டும் என்று மாக்பெத்தைக் கேட்டுக்கொள்கிறாள் அவன் மனைவி. சிறிது நேரத்தில் மாக்பெத் அவளை ஜாக்கண்டாக இருக்கச் சொல்கிறான். சொன்ன மறுகணமே அந்த இரவில் நடக்கப்போகும் கொடுஞ்செயலைக் குறிப்பால் உணர்த்துகிறான். பாங்க்வோவைக் கொல்ல ஆள்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டார்கள். கணவனும் மனைவியும் மகிழ்ச்சிக்குரிய இரண்டு பழம்பெரும் சொற்களை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். இருவரிடமும் மகிழ்ச்சி இல்லை. வேறெந்தச் சொல்லாலும் அந்தக் காட்சியின் வெறுமையை இப்படிக் காட்டியிருக்க முடியுமா என்பது ஐயமே. சூறாவளி நாடகத்தில், புராஸ்பெரோவைக் கொல்லத் திட்டமிட்ட மகிழ்ச்சியில் கலிபனும் தோழர்களை ஜாக்கண்டாக இருக்க அழைக்கிறான். மில்டன் 1667இல் வெளியிட்ட 'இழந்த சொர்க்கம்' காப்பியத்தின் ஒன்பதாம் காண்டத்தில், விலக்கப்பட்ட கனியை உண்ட ஏவாள் மதுவருந்தியவள்போல் கிளர்ந்து நிற்கும் நிலைக்கும் இதே சொல்தான். தகாத மகிழ்ச்சியைக் காட்ட, தகும் மகிழ்ச்சியின் சொல்லையே எடுத்தார்கள் இந்த இரு பெருங்கவிஞர்கள். சொல் தூயதாக இருந்ததால்தான் அந்த முரண் இவ்வளவு கூர்மையாகத் தைக்கிறது.

நேர்மாறான ஓரிடமும் ஷேக்ஸ்பியரில் உண்டு. பன்னிரண்டாம் இரவு நாடகத்தின் கடைசி அங்கத்தில், ஆணுடையில் இருக்கும் வயோலா, தன் தலைவன் ஆர்சினோவின் மனம் அமைதி பெறுமானால் ஆயிரம் முறை ஜாக்கண்டாக இறப்பேன் என்கிறாள். பிறருக்குத் துணையாவதும் அதனாலேயே மகிழ்வதும் ஒரே மூச்சில் வருகின்றன. ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளியில் இலத்தீன் படித்த ஷேக்ஸ்பியர் யுவாரேயை எண்ணித்தான் எழுதினார் என்று நிறுவ வழியில்லை. ஆனால் யூகுண்டுஸ் அந்த வசனத்தில் முழு உயிரோடு இருக்கிறது.

கிரே 1751இல் வெளியிட்ட இரங்கற்பாவில், சிற்றூர்க் கல்லறையில் உறங்கும் உழவர்கள் உயிரோடிருந்த நாளில் ஏர்மாடுகளை வயலுக்கு ஓட்டிச் சென்ற விதத்தை இச்சொல் சுட்டுகிறது. அரசனின் கோப்பையிலிருந்து உழவனின் ஏருக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தது சிறிய செயலன்று. உழைப்பிலேயே ஒரு களிப்பு உண்டு என்பதை அது எந்த விளக்கமும் இல்லாமல் ஏற்கிறது.

வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில்ஸ் கவிதையில் இச்சொல் முதலில் இல்லை என்பது பலர் அறியாத செய்தி. 1802 ஏப்ரல் 15 அன்று அவரும் தங்கை டாரதியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நடந்தபோது அந்தப் பூக்களைக் கண்டார்கள். டாரதி நாட்குறிப்பில், பூக்கள் காற்றோடு சேர்ந்து சிரித்தன என்ற பொருள்பட எழுதினார். அண்ணன் கவிதையை எழுதியது அதன் பின், 1804இல். 1807இல் அச்சான முதல் வடிவத்தில் பூக்களின் கூட்டம் 'சிரிக்கும்' கூட்டம். டாரதியின் சொல்லே அங்கே எதிரொலிக்கிறது. 1815 பதிப்பில்தான் அந்த அடைமொழியை எடுத்துவிட்டு ஜாக்கண்ட் என்று மாற்றினார். ஒரு புதிய பத்தியைச் சேர்த்ததும், பூக்களின் நிறத்தைப் பொன்னாக்கியதும் அதே பதிப்பில் நடந்தவை.

இந்த மாற்றம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கவிதைக்கென்றே ஒதுக்கிய அலங்காரச் சொற்களை விலக்கி, மக்கள் உண்மையாகப் பேசும் மொழியில் எழுதவேண்டும் என்று 1800இல் முன்னுரை எழுதி வாதாடியவர் வேர்ட்ஸ்வொர்த். 1815இல் எவரும் தெருவில் ஜாக்கண்ட் என்று பேசிக்கொண்டிருக்கவில்லை. தம் கொள்கைக்கு எதிராக அவர் ஏன் இதை எடுத்தார்? சிரிப்பு பூவின் செயல். காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும். ஜாக்கண்ட் என்பது கூட்டத்தின் இயல்பு; அதன் நடுவே நிற்பவரையும் அது தன்னுள் சேர்த்துக்கொள்ளும். பூக்களின் முன் நின்ற கவிஞன் மகிழாமல் இருக்க இயலாது என்பதே அந்த இடத்தின் கருத்து. பல நாள் கழித்துத் தனித்திருக்கும்போதும் அந்த நினைவு அவருக்குத் துணை வருகிறது என்பதே கவிதையின் முடிவு. அதற்குத் தேவைப்பட்டது மகிழ்ச்சியைத் தருவதைக் குறிக்கும் சொல். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சிசரோவின் கடிதங்களில் இருந்த பொருளுக்கு ஆங்கிலச் சொல் இங்கே திரும்பி வந்துவிட்டது.

வேர்ட்ஸ்வொர்த்துக்குப் பின் இச்சொல் மெல்ல ஒதுங்கியது. ஏட்டில் மட்டும் வாழும் கவிதைச் சொற்களின்மீது பிற்காலத்தவருக்கு விருப்பம் குறைந்தது ஒரு காரணம். ஜோக்கும் ஜோவியலும் பேச்சுவழக்கைப் பிடித்துக்கொண்டது மற்றொன்று. அதே நூற்றாண்டுகளில் 'ஹிலாரிட்டி' என்ற சொல்லுக்கும் ஒரு மாற்றம் நேர்ந்தது. கிரேக்க வழியில் வந்து, அமைதியான மனமலர்ச்சியைக் குறித்துக்கொண்டிருந்த அது, இன்று அடக்கமுடியாத சிரிப்பாகச் சுருங்கிவிட்டது. 'ப்ளைத்' என்ற பழைய ஆங்கிலச் சொல் கவலையற்ற அலட்சியத்தின் சாயலைப் பெற்றது. ஜாக்கண்டுக்கு அத்தகைய தேய்வு நேரவில்லை. வழக்கு குறைந்ததே தவிர, பொருள் கெடவில்லை.

இலத்தீன் வடிவமோ இன்னும் பாடப்படுகிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் மாணவர் பாடலான 'கௌதெயாமுஸ்' இளமைக்கு யூகுண்டா என்றும், முதுமைக்குச் சுமையானது என்றும் அடைமொழி தருகிறது. இப்போது பாடப்படும் பாடத்தை 1781இல் கிண்ட்லேபென் ஒழுங்குசெய்து அச்சிட்டார். பிரெஸ்லவ் பல்கலைக்கழகம் தமக்கு அளித்த மதிப்புறு பட்டத்துக்கு நன்றியாக பிராம்ஸ் 1880இல் இயற்றிய இசைப்படைப்பு அந்த மெட்டோடுதான் முழங்கி நிறைகிறது. பல நாடுகளின் பட்டமளிப்பு விழாக்களில் அது இன்றும் ஒலிக்கிறது.